முட்டி மண்

நோலன் எழுந்தான். காப்பி போட்டான். ஒரு முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றி, நின்றபடியே தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு பின்கட்டில் இருந்த வாஷிங் மெஷினின் மூடியைத் திறந்து உள்ளே ஈரத்துணியால் துடைத்தான். அடியில் தங்கியிருந்த மண்ணை வழித்து, பழைய காப்பி டப்பாவில் போட்டு, பின்வாசல் படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொட்டினான். அங்கே ஏற்கெனவே ஒரு கூடை கொள்ளுகிற அளவுக்கு மண் சேர்ந்திருந்தது. பின்வாசல் கூரைக்குக் கீழே கட்டியிருந்த கொடியில் ஒரு ஜீன்ஸ் பாண்ட் தொங்கியது. அது அவனுடையது இல்லை. தொட்டுப் பார்த்தான். இடுப்புப் பட்டியில் இன்னும் ஈரம்.

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த மார்ச் மாதம். அமெரிக்காவில், அர்கன்ஸா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் மண் சிவப்பு. மழை பெய்தால் வீதியெல்லாம் செங்கல் கரைத்த தண்ணீராக ஓடும். வைரக் காட்டு மண் மட்டும் வேறு. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். துணியில் ஏறினால் லேசில் போகாது. ஊருக்கு வெளியே அரசாங்கத்துக்குச் சொந்தமான அந்தக் காட்டில் சீட்டு வாங்கிக்கொண்டு யாரும் வைரம் தேடித் தோண்டலாம். கிடைத்தது கிடைத்தவனுக்கு. வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கு வந்து குழந்தைகளோடு சேற்றில் விளையாடிவிட்டுப் போவார்கள். உள்ளூர்ப் பையன்கள் கல்யாணத்துக்காக முட்டி போட்டுத் தோண்டுவார்கள்.

கிடைப்பது பெரும்பாலும் தீக்குச்சித் தலை அளவுதான். தண்ணி டீ நிறத்தில் இருக்கும். அதைப் பட்டை தீட்டாமல் அப்படியே மோதிரத்தில் பதிப்பார்கள். அதற்கு மண்கல் என்று பேர். நகைக்கடையில் வாங்கினால் கடைக்கல். சர்ச்சில், பியூட்டி பார்லரில், மளிகைக் கடை வரிசையில், ஒரு பெண் கையை நீட்டினால் போதும். எதிரில் இருப்பவளின் கண் போய்வர ஒரு நொடி. அதற்குள் மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று முடிவாகிவிடும்.

நோலன் வெளியூர்க்காரன். லிட்டில் ராக்கில் பிறந்து, அங்கேயே கல்லூரியில் படித்து, இந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு வேதியியல் வாத்தியாராக வந்தவன். மார்லிஸைக் கேட்பதற்கு முன்னால் டெக்சர்கானா நகரம் வரை போய், கண்ணைப் பறிக்கிற வெள்ளைக் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கிவந்தான். பெருமையாகத்தான் கொடுத்தான். அவளும் சிரித்துத்தான் வாங்கிக்கொண்டாள். ஊர் வழக்கம் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒருமுறை சர்ச் விருந்தில் அவள் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டு பரிமாறுவதைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதற்கு நாள் இருக்கிறது என்று நினைத்தான். போன வருஷம் குளிர்காலத்தில் இதயத்தில் கிருமி தொற்றி மார்லிஸ் செத்துப்போனாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது.

முன்வாசலில் கதவைத் தட்டாமலே யாரோ உள்ளே வந்தார்கள். மார்லிஸின் தங்கை ஷெல்பி. மழையில் நனைந்திருந்தாள். காப்பியை அவளே ஊற்றிக்கொண்டாள்.

"நேத்து மீன் விருந்துக்கு நீ ஏன் வரல?"

"வேலை இருந்துது."

"பொய். உனக்கு என்ன வேலை? வராம இருந்ததும் நல்லதுதான். ஊரே வாயைத் திறந்துட்டு நின்னுச்சு."

அவள் இடது கையை மேஜைமேல் வைத்தாள். விரலில் மோதிரம் இருந்தது. சிறிய வெள்ளைக் கல். ஒழுங்காகப் பட்டை தீட்டியது.

"ராய்ஸ் கொடுத்தானா?"

"கொடுத்தான். எல்லாரும் கெளுத்தி மீனத் தின்னுட்டு இருக்கறப்ப முட்டி போட்டுக் கொடுத்தான். நான் சரின்னு சொல்றதுக்குள்ள எங்கம்மா சொல்லிட்டாங்க."

"என்ன?"

"'எந்திரி கண்ணு, முட்டி அழுக்காயிடும். இன்னிவரைக்கும் அழுக்கானதே இல்லியே'ன்னு." ஷெல்பி மூக்கை உறிஞ்சினாள். "சில பேர் சிரிச்சுட்டாங்க. அவன் எந்திரிச்சு, தொப்பிய எடுத்துட்டு நேரா போயிட்டான். நாளைக்கு அவன் மச்சானோட டெக்சாஸ் போறானாம், எண்ணெய்க் கிணத்து வேலைக்கு. இனிமே வரமாட்டானாம். போன்ல சொன்னான். 'உங்கம்மா கேட்டது என்னால முடியல'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"கத்தினேன். எனக்கும் கோவம்தான் நோலன். கல்லு கிடைக்கணும்னா நான் கேட்டேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்காகக் காட்டுக்குப் போயிருக்கலாம்ல? ராத்திரி பண்ணைல கோழி பிடிக்கற வேலைக்குப் போறான், பகல்ல மர அறுவை மில்லுக்குப் போறேங்கறான். எப்பப் பாத்தாலும் துவைச்ச பாண்ட்டு. கடைக்காரன் மாதிரி."

நோலன் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ராய்ஸ் அவனிடம் படித்தவன். கடைசி பெஞ்ச். இலையுதிர்காலத்தில் ஒரு நாள் இந்தக் கதவைத் தட்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "சார், உங்க மெஷின்ல ஒரு பாண்ட் துவைச்சுக்கலாமா?" என்று கேட்டான். அவன் கண் கோழிப் பண்ணைப் புழுதியில் சிவந்திருந்தது. விரல்கள் வீங்கியிருந்தன. விடிய விடிய கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிக் கூண்டில் அடைக்கிற கை. அதோடு அப்படியே காட்டுக்குப் போய், சாயங்காலம்வரை தோண்டிச் சலித்துவிட்டு வந்திருந்தான். அன்றிலிருந்து காடு திறந்திருக்கிற நாளெல்லாம் வந்தான். 'யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்' என்று மட்டும் கேட்டுக்கொண்டான். நோலன் சரி என்றான். அந்தக் காலத்தில் யார் என்ன கேட்டாலும் அவன் சரி என்றுதான் சொன்னான். அதுதான் சுலபமாக இருந்தது.

"அம்மாகிட்ட நீ பேசு," என்றாள் ஷெல்பி.

"நானா? நானே கடைக்கல்லு."

"அதனாலதான் கேக்கறேன்."

"உங்கம்மாவுக்கு என் பேச்சு..."

"நீ எங்க பேசற? அடக்கம் பண்ணுன நாள்லேர்ந்து நீ எங்க வீட்டுப் படி ஏறல. அம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உனக்கு ஒரு தட்டு எடுத்து வச்சு, சாயங்காலம் நாய்க்குப் போடறாங்க. அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நோலன் ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தான். ஒருவனிடம் கொடுத்த வாக்கு. அதைக் காப்பாற்றினால் அவன் நாளைக்கு ஊரைவிட்டுப் போவான்.

"இங்கயே இரு," என்று சொல்லிவிட்டு மழைக்கோட்டை மாட்டினான்.

ஷெல்பியின் அம்மா வெர்னாவின் சாப்பாட்டுக் கடை நெடுஞ்சாலை வளைவில் இருந்தது. காலைக் கூட்டம் கலைந்திருந்தது. மர லாரி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் மட்டும் கடைசி மேஜையில் பிஸ்கட் என்கிற சின்ன ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். வெர்னா சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அறுபது வயது, பருத்த உடம்பு, கட்டைக் குரல். ஊருக்கே அவள் வெர்னாம்மா. ஊரே அவளுக்குக் கண்ணு. மாவு பிசையும்போது மோதிரத்தைக் கழற்றி, சேஃப்டி பின்னில் கோத்து மார்பில் குத்திக்கொள்வாள். பழுப்பாக ஒரு பயறு அளவு கல். அந்த ஊரில் அதற்கு மிஞ்சின மண்கல் கிடையாது.

அவள் நோலனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வா கண்ணு. இளைச்சுட்ட. உக்காரு."

"பரவால்ல வெர்னாம்மா."

"உக்காருன்னா உக்காரு. நின்னுட்டுப் பேசறவன் பாதிப் பேச்சுல ஓடிருவான்." ஸ்டூலைக் காலால் தள்ளினாள். "ஷெல்பி அனுப்பினாளா?"

"ஆமா."

"நான் சொன்னது தப்புங்கறியா?"

"எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்க வேண்டாம்."

"அவன் எல்லார் முன்னாடியும்தான கேட்டான்?" மாவை அடித்துத் திருப்பிப் போட்டாள். "நான் கல்லப் பாக்கறவள்னு ஊருக்குள்ள பேச்சு. பேசட்டும். கல்லு எவ்ளோ பெருசுங்கறதா நான் பாக்கறேன்? ஒரு நாள் பூரா குனிஞ்சு தோண்டி, தண்ணில சலிச்சு, ஒண்ணும் இல்லாம சாயங்காலம் வர்றான் பாரு, அப்ப அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கறேன். எங்க வீட்டுக்காரர் ஹார்லன் ரெண்டு குளிர்காலம் வெறுங்கையோட வந்தாரு. ஒரு நாளும் நாய உதைச்சதில்ல. ஒரு நாளும் தட்டத் தள்ளி வச்சதில்ல. 'இன்னிக்கும் இல்ல வெர்னா, என்ன சமையல்?' அவ்ளோதான். அதப் பாத்துத்தான் நான் மனசுக்குள்ள சரின்னேன். கல்லு பின்னாலதான் வந்துது. அது வராட்டியும்..."

அவள் நிறுத்திவிட்டு மாவு உருட்டும் கட்டையைத் தேடினாள்.

"கடைல வாங்குறவன் மேல எனக்குக் கோவம் இல்ல," என்றாள் பிறகு. "அவன் தோத்துட்டு வர்றத நான் பாத்ததில்ல. அதான். எப்படி நம்பிப் பொண்ணக் கொடுக்கறது? உன் கல்லப் பத்தி அப்ப நான் சொன்னது உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ரொம்ப வெளிச்சமா இருக்குன்னு."

"யாரு சொன்னா? அவ்ளோ மரியாதையாவா சொன்னேன்? கார் விளக்கு மாதிரி இருக்கு, எதிர்ல வர்றவன் பள்ளத்துல விழுந்துருவான்னேன்."

கடைசி மேஜையில் ஒருவன் சிரித்தான். "நீ தின்னு கண்ணு," என்று வெர்னா அவனை அடக்கினாள்.

நோலனுக்குச் சிரிப்பில் உதடு லேசாக இழுத்துக்கொண்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

"அப்புறம் அவ படுத்துட்டா," என்றாள் வெர்னா, குரலை இறக்கி. "நீ அந்த ஆஸ்பத்திரி நாற்காலில உக்காந்திருந்தத நான் பாத்தேன். அன்னிக்கே உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல. நீயும் வீட்டுப் பக்கம் வரல."

"வெர்னாம்மா, என் வீட்டுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும்."

"இப்பவா? மாவு?"

"இப்பவே."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "அடுப்பப் பாத்துக்கடா," என்று லாரிக்காரனிடம் சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

ஷெல்பி பின்வாசல் படியில் நின்றிருந்தாள். மழை தூறலாகிவிட்டிருந்தது. நோலன் ஒன்றும் சொல்லாமல் மண் குவியலைக் காட்டினான்.

சிவந்த முற்றத்தில் அது தனியாகத் தெரிந்தது. வெர்னா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினாள். ஒரு பிடி அள்ளி, கட்டைவிரலால் தேய்த்தாள். சாம்பல் பச்சை. இடையிடையே கரகரவென்று பொடிக்கல்.

"இது காட்டு மண்ணு."

"ஆமா."

"நீயா கண்ணு தோண்டற?"

"இல்ல. ராய்ஸ். அறுவடை முடிஞ்ச காலத்துலேர்ந்து. ராத்திரி வேலை முடிஞ்சதும் நேரா காட்டுக்குப் போறான். சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரத்துக்கு இங்க வந்து பாண்ட்டத் துவைக்கறான். பூட்ஸை இந்தப் படியில தட்டறான். இதெல்லாம் அவன் முட்டிலேர்ந்து வந்த மண்ணு."

ஷெல்பி வாயைப் பொத்திக்கொண்டாள். "மில்லுன்னு சொன்னானே!"

"மில்லு கிடையாது."

"ஏன் துவைக்கணும்?" வெர்னாவுக்கு அதுதான் விளங்கவில்லை. "இந்த ஊர்ல எவனாவது முட்டி மண்ணத் துவைப்பானா? அதக் காட்டிட்டுத்தான நடப்பானுங்க, மாடு விக்கப் போறவன் மாதிரி!"

"மண்ணோட போனா எல்லாரும் கேப்பாங்களாம், கிடைச்சுதான்னு. தினமும் இல்லைன்னு சொல்லணும். அதான்."

வெர்னாவின் கை பழக்கதோஷத்தில் மண்ணைப் பரப்பி, விரல் நுனியால் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தது. குவியலின் அடிவரை போனாள். ஷெல்பியும் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றாள் வெர்னா.

"ஒண்ணும் இல்லதான்," என்றான் நோலன். "குளிர்காலம் பூரா ஒண்ணும் இல்ல. தினமும் இந்த வழியாத்தான் வெறுங்கையோட வந்தான். மூஞ்சி எப்படி இருந்துதுன்னு நான் பாத்திருக்கேன் வெர்னாம்மா. மெஷின் ஓடற நேரத்துல என் விறகப் பிளந்து போட்டுட்டுப் போவான். நான் கேக்கல. ஒரு நாள் என் கூரையில ஓட்டை அடைச்சான். அதுவும் கேக்கல."

இவ்வளவு நீளமாக அவன் பேசி ரொம்ப நாளாயிற்று.

அந்த நேரத்தில்தான் ராய்ஸின் பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. பாண்ட்டை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தான். நோலனையும் ஷெல்பியையும், குந்தியிருந்த வெர்னாவையும் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"சார்," என்றான் நோலனிடம், மனக்குறையோடு.

"சொல்லிட்டேன்," என்றான் நோலன்.

வெர்னா எழுந்திருக்காமலே கேட்டாள். "எந்தப் பக்கம் தோண்டற?"

"கிழக்குச் சரிவுங்கம்மா. ஓடை ஓரம்."

"கிழக்குச் சரிவா? அங்க எவனுக்கும் எந்தக் காலத்துலயும் ஒண்ணும் கிடைச்சதில்லியே!"

"தெரியுங்கம்மா. அதனால அங்க யாரும் வர மாட்டாங்க. யாரும் பாக்க மாட்டாங்க."

"கேணப் பயலே," என்றாள் வெர்னா. குரல் உடைந்தது. "கல்லு வேணுமா, ஒளியறதுக்கு இடம் வேணுமா உனக்கு?"

"ரெண்டும் வேணுங்கம்மா."

ஷெல்பி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே போய் அவன் நெஞ்சில் பலமாக ஒரு குத்து விட்டாள். "மில்லாம் மில்லு! நான் உனக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேனேடா மில்லுக்கு!"

"அத சாப்ட்டேன். காட்டுல வச்சு."

"கையக் குடு, எந்திரிக்கறேன்," என்றாள் வெர்னா. ராய்ஸ் ஓடிவந்து தூக்கிவிட்டான். அவள் அவன் கையை விடாமல், வீங்கிய விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டெக்சாஸ் மண்ணு உனக்கு ஒத்துக்காது. போகாத. நாளைக்கு சர்ச்சுக்கு வா. துவைக்காத பாண்ட்டப் போட்டுட்டு வா."

"எல்லாரும் கேப்பாங்கம்மா. கிடைச்சுதான்னு."

"கேக்கட்டும். இல்லைன்னு சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன். எவ சிரிக்கறான்னு பாப்போம்."

ராய்ஸ் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றான். பிறகு சரியென்று தலையை ஆட்டினான்.

"நீ கைய நீட்டு," என்றாள் வெர்னா மகளிடம். மோதிரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். மூவரும் காத்திருந்தார்கள்.

"சின்னதுதான்."

"அம்மா!"

"சின்னத சின்னதுன்னு சொன்னா தப்பா? எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" கையை விட்டாள். "நல்லா உக்காந்திருக்கு. கழட்டாத."

மத்தியானம் வெர்னா கடைக்குத் திரும்பவில்லை. நோலனின் அடுக்களையில் இருந்த அலமாரியெல்லாம் திறந்து பார்த்து, "இந்த வீட்டுல மனுசன்தான் இருக்கானா?" என்று திட்டிவிட்டு, ஷெல்பியை அனுப்பிக் காராமணியும் உப்புக்கண்டமும் சோள மாவும் வாங்கிவரச் சொன்னாள். காராமணியைக் கொழுப்போடு வேகவைத்து, இரும்புச் சட்டியில் சோள ரொட்டி சுட்டாள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. ராய்ஸ் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான். ஷெல்பி தட்டி எழுப்பி ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். நோலன் இரண்டாவது தடவை ரொட்டி எடுத்துக்கொண்டான். அதை வெர்னா பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அக்கா இருந்திருந்தா என் மோதிரத்தப் பத்தி என்ன சொல்லியிருப்பா?" என்றாள் ஷெல்பி.

"அவளா? அவ அப்பவே பெரிய எடத்துக்குப் போயிட்டா," என்றாள் வெர்னா. "பாதிரியார் சொன்னாருல்ல. கடைசி நேரத்துல, 'நான் வீட்டுக்குப் போறேன்'னு கண்ண மூடிட்டான்னு. அந்த நேரத்துல அவளுக்கு மோதிரமா ஞாபகம் வரும்?"

அந்த வார்த்தையை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அது நிஜமாகிவிட்டிருந்தது. கல்லறைக் கல்லிலும் பொறித்திருந்தார்கள். அப்படித்தானே என்று பாதிரியார் கேட்டபோது நோலன் தலையசைத்ததாக அவர் நினைத்துக்கொண்டார். நோலனும் மறுக்கவில்லை. நடந்தது ரொம்பச் சின்ன விஷயம், சாவுக்குப் பொருந்தாத விஷயம் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது.

"அவ அப்படிச் சொல்லல," என்றான்.

வெர்னாவின் கரண்டி நின்றது.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில நீங்க காப்பி வாங்கக் கீழ போயிருந்தீங்க. காய்ச்சல் எறங்கினாப்பல இருந்துது. சின்ன வயசு நர்ஸ் ஒருத்தி வந்து மருந்துப் பையை மாத்தினா. கைல பெரிய கல்லு வச்ச மோதிரம், கையுறைக்குள்ளயே முட்டிட்டுத் தெரிஞ்சுது. பாட்டு முணுமுணுத்துக்கிட்டே மாத்திட்டுப் போனா. மார்லிஸ் அந்தக் கையையே பாத்துட்டு இருந்தா. நர்ஸ் கதவைச் சாத்தினதும் கிட்ட வான்னு என்னைக் கூப்பிட்டா. குனிஞ்சேன். அவ கடைசியாப் பேசினது அதுதான்."

"என்ன சொன்னா?" என்றாள் வெர்னா.

நோலன் சொன்னான். மார்லிஸ் சொன்ன மாதிரியே, ரகசியக் குரலில், அவள் ஊர்ப் பேச்சிலேயே.

"'அவ கையப் பாத்தியா? கடைக்கல்லு. நம்ம ஆளு.'"